டயல்டோன் கொடுத்த சுருதி

பெங்களூர் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் டெலிபோன் கம்பிக்கு நாடி பார்க்கிற மனிதர் ஒருவர்தான் கிடைப்பார். அவர் எங்கள் நீலசந்திரா சந்துக்கு வந்துபோன லைன்மேன். கோலார் தங்கவயல்காரர். பெயர் என்னவோ, முருகன் சத்தியமாக எனக்குத் தெரியாது. சந்தே அவரை 'டயல்டோன்' என்றது. அவரும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பார்.

ரிசீவரைக் காதில் வைத்ததும் கண்ணை மூடிக்கொள்வார். சன்னதி முன்னால் நிற்கிறவர்களுக்குக்கூட அவ்வளவு பக்தி வராது. அது "ம்ம்ம்..." என்று இழுக்கும், அவரும் கூடவே "ம்ம்ம்..." என்பார். கொடுத்த காப்பி ஆறிப்போகும். பிறகு மெல்லக் கண் திறந்து, "அக்கா, சந்துக் கம்பியெல்லாம் சேர்ற மூலைப் பெட்டிகிட்ட ஈரம் ஏறுது. சாயங்காலம் மழை" என்பார். மழை வரும். எங்கள் சந்தில் துணி எடுக்க யாரும் வானத்தைப் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை தோறும் எங்கள் வீட்டில் பஜனை. ஏழெட்டுப் பெண்கள், ஏழெட்டுத் தொண்டை, ஏழெட்டுத் திசை. ஒருநாள் வயர் பார்க்க வந்தவர் வாசலில் நின்று கேட்டுவிட்டு, "சாமி பாவம்க்கா" என்றார். போனை எடுத்து ஸ்பீக்கர் பட்டனை அமுக்கினார். "இது இழுக்குதில்ல, இதையே புடிச்சிக்கினு பாடுங்க."

பிடித்துக்கொண்டோம். அரை நிமிஷத்தில் அது டொக் டொக் என்று மாறிவிடும். அதற்குள் பாட்டு கிளம்பிவிட வேண்டும். ஆனால் அந்த அரை நிமிஷம் இருக்கிறதே! எங்கோ மேகத்துக்குள் உட்கார்ந்து ஒருவர் நாதஸ்வரத்துக்கு ஒத்து மட்டும் ஊதுகிற மாதிரி இருக்கும். அடுப்பில் பால் வைத்தது மறந்துபோகும். அன்று முதல் பிள்ளையாருக்கு வைத்த கையோடு டெலிபோனுக்கும் குங்குமம் வைத்தேன்.

அப்புறம் வீடு வீடாக ஃபைபர் வந்தது.

"கண்ணாடிக் கம்பியாமே?" என்று அவரிடம் கேட்டேன்.

"கோயில் கலசம் எதுலக்கா? செம்புல. தீர்த்தம் எதுல? செம்புல. கண்ணாடி டம்ளர்ல எந்த ஐயராவது தீர்த்தம் குடுத்தாரா?"

எனக்கு அது வேதவாக்கு. என் வீட்டுக்காரர் மட்டும் பேப்பரிலிருந்து தலை தூக்காமல், "டீக்கடையில குடுக்கறாங்க. சூடா வேற இருக்குது" என்றார்.

ஃபைபருக்குத் தோண்டியவர்கள் பழைய செம்புக் கேபிளைக் குத்திவிட்டார்கள். குழிக்குள் தண்ணீர் இறங்கியது. புதுக் கேபிள் கேட்டால் ஆபீசில் கை விரித்தார்கள். டயல்டோன் விடுவாரா? ஃபைபருக்குப் போனவர்கள் விட்டுவைத்த கம்பிகளை வெட்டி ஒட்டி எங்கள் லைனை ஓட்டினார். நாலு வீட்டு மிச்சத்தில், அதே கம்பியில் வந்த எங்கள் இன்டர்நெட்டும் நொண்டிக்கொண்டு வந்தது. கடைசியில் மூலைப் பெட்டியில் உயிரோடு இருந்தது எங்கள் லைன் ஒன்றுதான்.

"இதுவும் போச்சுன்னா பெட்டிய மூடிடுவாங்கக்கா. அப்புறம் இந்தச் சந்துல எனக்கு இன்னா வேல?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு, வந்த ஃபைபர்காரர்களை எல்லாம் மோர் கொடுத்துத் திருப்பி அனுப்பினேன்.

அந்த மழைக்காலத்தில்தான் என் மகள் செல்விக்கு ஒரு கம்பெனி கம்ப்யூட்டரிலேயே இன்டர்வியூ வைத்தது. "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார்கள். "நான்..." என்றாள். அவ்வளவுதான், திரை உறைந்துவிட்டது. செல்போனில் பேசலாமென்றால், எங்கள் சந்துக்குள் சிக்னல் வருவது தேர் வருகிற மாதிரி, வருஷத்துக்கு ஒரு தடவை. கெஞ்சிக் கேட்டதில் வியாழக்கிழமை பதினோரு மணிக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார்கள். அதுதான் கடைசி.

"அம்மா, உனக்கு நான் முக்கியமா, டயல்டோன் முக்கியமா?" என்று அழுதாள் செல்வி. நான் விளக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டேன்.

புதன்கிழமை காலையில் அவர் வந்தார். விஷயத்தைக் கேட்டார். ரிசீவரைக் காதில் வைத்துக் கண்ணை மூடினார். அன்றைக்கு அவர் கூடவே இழுக்கவில்லை.

"தாங்காதுக்கா" என்றார். போய்விட்டார்.

மத்தியானம் திரும்பி வந்தார், இரண்டு ஃபைபர் ஆட்களோடு. அவரே ஏணி ஏறினார். அவரே ஜன்னலோரம் துளை போட்டு, நூல் மாதிரி இருந்த கறுப்பு வயரை உள்ளே இழுத்தார். எங்கள் பழைய செம்புக் கம்பியைக் கழற்றி, வளையமாகச் சுற்றித் தோளில் மாட்டிக்கொண்டார்.

"கண்ணாடியாச்சே..." என்று இழுத்தேன்.

"கண்ணாடின்னா குங்குமம் ஒட்டாதா? வைங்கக்கா. புள்ளைக்கு வேல கெடைக்கணும்."

வியாழக்கிழமை வானம் கிழிந்த மாதிரி மழை. திரை அசையவில்லை. செல்வி முக்கால் மணி நேரம் தன்னைப் பற்றிச் சொன்னாள். "எப்போது வந்து சேருகிறீர்கள்?" என்று கேட்டார்கள்.

மறுநாள் பஜனை. ஃபைபர் ஆட்கள் வைத்துவிட்டுப் போன புதுப் பெட்டியில் போனை மாட்டியிருந்தோம். விளக்கேற்றி ஸ்பீக்கரை அமுக்கப் போனேன், கரண்ட் போய்விட்டது. பெட்டியில் மினுக்கிய பச்சை விளக்கு அணைந்தது. போனும் ஊமை.

"பழைய போனு கரண்ட் இல்லாமலே பாடுமேடி!" என்றாள் பக்கத்து வீட்டு சரோஜா. ஏழெட்டுத் தொண்டையும் ஏழெட்டுத் திசைக்குக் கிளம்பத் தயாராயின.

அப்போது வாசலிலிருந்து கேட்டது: "ம்ம்ம்..."

மூலைப் பெட்டியை மூடிவிட்டார்கள். எங்கள் சந்தில் அவருக்கு எந்த வேலையும் இல்லாத முதல் வெள்ளிக்கிழமை அது. கேட்டுக்கு வெளியே, நனைந்த சட்டையோடு, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நாங்கள் பிடித்துக்கொண்டு பாட ஆரம்பித்தோம். அரை நிமிஷம் ஆயிற்று, ஒரு நிமிஷம் ஆயிற்று, பாட்டே முடிந்தது. அது டொக் டொக் என்று மாறவே இல்லை.