மாமனார் கொடுத்த அச்சு

அழுத்துப்பொறியின் கைப்பிடி மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. கராஜில் கர்ட்டிஸ் தனியாக அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளை உறை சற்று உப்பியிருக்கும். அதை எஃகு அச்சுக்குள் தள்ளிப் பழைய அளவுக்கு நெருக்கினால்தான் மறுபடி மருந்து போட்டுத் துப்பாக்கியில் நுழைக்க முடியும். தள்ளுமுன் ஒவ்வொரு உறைக்கும் மசகு தடவ வேண்டும். கர்ட்டிஸ் எல்லாவற்றுக்கும் தடவினான், இந்த ஒன்றைத் தவிர. அல்லது இதற்கும் தடவினானோ? யோசிக்க யோசிக்க எதுவும் நிச்சயமில்லை.

அச்சு அவனுடையதாக இருந்தால் பரவாயில்லை. மாமனார் ஆர்லோவுடையது. அவருக்கு அவருடைய மாமனார் கல்யாணத்தின்போது கொடுத்தது. இரவல் தரும்போதே ஆர்லோ சொல்லியிருந்தார்:

"அம்பது வருஷமா இதுல ஒரு கீறல் விழுந்ததில்ல. விழுந்துச்சுன்னா எல்க் மான் வேட்டைக்கு வேற மருமகனைக் கூட்டிக்கிட்டுப் போவேன்."

அவருக்கு ஒரே மகள்.

கர்ட்டிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு கைப்பிடியை இழுத்தான். 'டக்'கென்று இறங்கியது. நிம்மதியாகக் குனிந்து பார்த்தான். உறையின் அடிவிளிம்பு மட்டும் பிய்ந்து வந்திருந்தது. மற்றதெல்லாம் அச்சுக்குள்ளேயே.

குளிரில் பித்தளை சுருங்கும் என்று எங்கோ படித்த ஞாபகம். அச்சைக் கழற்றி ஃப்ரீசரில் மான்கறிக்கு நடுவே ஒளித்து வைத்தான்.

"கறிக்கு நடுவுல என்ன இது இரும்பு?" என்று சமையலறையிலிருந்து மனைவி ஜனெல் கேட்டாள்.

"சும்மா, ஆற வச்சிருக்கேன்."

"அப்பாவோட அச்சா?"

அவன் வந்து அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

"செத்தே நீ. இப்பதான் போன் பண்ணினார். சாயங்காலம் அம்மாவோட வர்றாராம், அதை வாங்கிட்டுப் போக."

"இப்ப எதுக்காம்?"

"அம்மாவுக்குத் தாத்தா ஞாபகம் வந்துடுச்சாம். கையில வச்சுப் பார்க்கணுமாம்."

கர்ட்டிஸ் கராஜுக்கு ஓடினான். அச்சை வைஸ் இடுக்கியில் இறுக்கி, உறைக்குள் டிரில்லை இறக்கினான். அவசரத்தில் டிரில்லின் முனை முறிந்து, உள்சுவரில் நீளமாக ஒரு கோடு இழுத்தது. பதறி அச்சை வெளியே எடுத்தால், வெளிப்பக்கம் முழுக்க வைஸின் பல் பதிந்திருந்தது.

ஜனெல் எட்டிப் பார்த்தாள். "உள்ளே ஒரே ஒரு கீறல்தானே?"

"உங்கப்பா சொன்னதும் ஒரே ஒரு கீறல்தான்."

பிக்கப்பை எடுத்துக்கொண்டு ஊரின் ஒரே துப்பாக்கிக் கடைக்கு விரட்டினான். எதிரே வந்த வண்டியெல்லாம் ஆர்லோவின் வண்டியாகவே தெரிந்தது.

கடைக்கார மார்லா, அலமாரியிலிருந்து அதே மாதிரி ஒரு அச்சை எடுத்து வைத்தாள். அது பளபளவென்று மின்னியது. கர்ட்டிஸுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

"புதுசுன்னு பார்த்தவுடனே தெரிஞ்சிடுமே, மார்லா. அப்புறம் அந்த வீட்டுல நான் தலைகாட்ட முடியாது."

மார்லா அவன் கொண்டுவந்த அச்சை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு புதியதைப் பொட்டலம் கட்டத் தொடங்கினாள்.

"வினிகர்ல கொஞ்ச நேரம் ஊறப்போட்டு உப்புத்தாளால தேய்ச்சிடு, பழசாத் தெரியும். போன வருஷம் உன் மாமனார் இதே மாதிரி வந்து நின்னப்பவும் அதைத்தான் சொன்னேன், உன் மாமியார் இன்னிக்கு வரைக்கும் கண்டுபிடிக்கல."