ஏறினது இறங்காது

"ஏறினது இறங்காது, ஒஸ்வால்ட். என்ர குண்டலினி அஞ்சாம் சக்கரத்தில நிக்குது. இனி ஆமி வந்தாலென்ன, பொலிஸ் வந்தாலென்ன, இருந்த இடத்தில எனக்கு ஒரு மயிர்க்கால் அசையாது."

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், நாலாம் மாடி வீட்டு வாசலில், கையில் பால்மாப் பெட்டியோடு நின்று திருவாளர் சுந்தரலிங்கம் இவ்வாறு பிரகடனம் செய்தார். எதிர்வீட்டு ஒஸ்வால்ட், துறைமுகத்தில் வேலை, கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர், பாவம், லிப்ட் வேலை செய்கிறதா என்று மட்டும்தான் கேட்டிருந்தார்.

வாசகரே, குண்டலினிக்காரர் என்ற இனத்தை நீங்கள் அறிவீர்கள். உங்கள் மாடியில் இல்லாவிட்டால் அடுத்த மாடியில் ஒருவர் இருப்பார். வேலையிலிருந்து இளைப்பாறும்வரை அவருக்கு முதுகுநோவு மட்டுமே இருந்திருக்கும். இளைப்பாறிய மறுமாதம் யாரோ கொடுத்த ஒரு சிறு புத்தகத்தின் முதற் பாதியைப் படித்துவிட்டு, அந்த நோவுக்கு உரிய சமஸ்கிருதப் பெயரைக் கண்டுபிடித்திருப்பார். பிற்பாதியை அவர் படிப்பதில்லை. அதில்தான் சாப்பாட்டைக் குறைக்கவேண்டும், பேச்சைக் குறைக்கவேண்டும் என்று எழுதியிருக்கும்.

அன்றுமுதல் உலகத்தில் நடப்பதெல்லாம் குண்டலினிதான். நீங்கள் பருப்பு வடை தின்று ஏப்பம் விட்டால் மணிபூரகம் திறக்கிறது. பஸ் சாரதி திடீரென்று பிரேக் போட, முதுகெலும்பு சுள்ளென்று குத்தினால் சக்தி புரண்டு படுக்கிறது. மாதவாடகை கேட்க வந்த வீட்டுக்காரர் குரலை உயர்த்தினால், ஐயோ, அந்த மனுசனுக்கு இன்னும் மூலாதாரமே முழிக்கவில்லை. அந்த வருடம் மழை பொய்த்து, மணிக்கணக்காகக் கரண்டை வெட்டிக்கொண்டிருந்தார்கள். கொழும்பே இருட்டில் தடவிக்கொண்டிருந்தபோது சுந்தரலிங்கம் மட்டும், "வெளிக் கரண்ட் போனாலென்ன, உள்கரண்ட் போகுமோ?" என்று சிரித்தார். அவருடைய உள்கரண்டில் ஒரு பல்பும் எரியாததால் மனைவி தையல்நாயகி அம்மையார் கதவு நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டார். அதற்கும் விளக்கம் இருந்தது. நெற்றியில்தானே ஆக்ஞை?

குண்டலினி என்றால் என்ன என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஒஸ்வால்ட் ஒருநாள் கேட்டார். சுந்தரலிங்கம் உள்ளே போய், பத்த வைக்காத நுளம்புத்திரி, அதுதான் கொசுவர்த்திச் சுருள், ஒன்றை எடுத்துவந்து உள்ளங்கையில் வைத்தார். இப்படித்தான், சர்ப்பம்போலச் சுருண்டு, முதுகுத்தண்டின் அடியில் படுத்துக் கிடக்கிறதாம் அந்தச் சக்தி. நெருப்பு வைத்தால் எழும்பி ஒவ்வொரு சக்கரமாக ஏறி உச்சந்தலைக்குப் போகுமாம்.

"திரி எரிஞ்சு முடிஞ்சா சாம்பல்தானே அண்ணே மிஞ்சும்?" என்றார் ஒஸ்வால்ட்.

"அதுதான் முத்தி."

ஒஸ்வால்ட் சிலுவை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

ஐந்தாம் சக்கரமாகிய விசுத்தி தொண்டையில் இருக்கிறது என்பதையும் இங்கே சொல்லியாகவேண்டும். அதுவரை ஏறிவந்த சக்தி, மேலே போக வழி தெரியாமல் அவருடைய வாய்வழியாக வழிந்துகொண்டிருந்தது என்பதே தையல்நாயகி அம்மையாரின் கணிப்பு. அதை அவர் வெளியே சொல்லவில்லை. சொல்லவேண்டிய நாள் வந்தது ஒரு போர்வையோடு.

யோகிகள் புலித்தோலில் இருப்பார்கள் அல்லவா? வெள்ளவத்தையில் புலித்தோலுக்கு எங்கே போவது? மாளிகாவத்தையில் பௌஸி நானா டுபாயிலிருந்து வரும் தடித்த போர்வைகளை விற்றுவந்தார். ரோசாப்பூப் போட்டது இருந்தது, மயில் போட்டது இருந்தது, குதிரை போட்டது இருந்தது. அடியிலே, ஒருவரும் தொடாமல், மஞ்சளும் கறுப்புமாக வரி ஓட, நடுவிலே ஒரு பெரிய முகம் வாயைப் பிளந்துகொண்டிருக்க, அதுவும் இருந்தது. "இது ஒங்களுக்கு வேணாம் சேர். இந்த நேரத்தில இத எடுத்துப் போறது சரியில்ல," என்று நானா சொல்லிப் பார்த்தார். யோகிக்கு யாராவது புத்தி சொல்ல முடியுமா?

போர்வை கூடத்தில் விரிக்கப்பட்டபோது தையல்நாயகி அம்மையார் முதலில் கதவைப் பூட்டினார், பிறகு யன்னலைச் சாத்தினார், அதன்பிறகுதான் வாயைத் திறந்தார்.

"இஞ்சேருங்கோ, உங்களுக்கு விசரே? கிழமைக்கு ஒருக்கால் வீடு வீடாச் செக் பண்ணுறாங்கள். புலிப்படத்தை நடுவீட்டில விரிச்சு வச்சிருக்கிறியள். ரோசாப்பூ ஒண்டும் இல்லையோ அந்தக் கடையில?"

ரோசாப்பூவில் இருந்து முத்தி பெற்றவரை உமக்குத் தெரியுமோ என்று அவர் திருப்பிக் கேட்டார். சக்தி மணிபூரகத்தைத் தாண்டியவனுக்குப் பயம் என்பதே கிடையாது என்றார். போர்வை போகாது என்றார். அன்றுமுதல் அம்மையாருக்கு உலகத்தில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: அடுத்த தேடுதல் வருமுன் அந்த மிருகம் வீட்டைவிட்டுப் போகவேண்டும். கணவர் குளிக்கும்போது அதைச் சுருட்டி அலுமாரிக்கு மேல் வைப்பார். அவர் எடுத்து விரிப்பார். கட்டிலுக்குக் கீழே தள்ளுவார். அவர் இழுத்து விரிப்பார். மாடியிலிருந்து எறியவும் யோசித்தார். கீழே யாருடைய தலையில் விழுந்து, அதை யார் நிமிர்ந்து பார்ப்பார்கள் என்ற பயத்தில் விட்டுவிட்டார்.

வந்தது தேடுதல். ஞாயிற்றுக்கிழமைக் காலை, கடல் பக்கம் முதல் ரயில் போன கையோடு, ஒழுங்கையின் இரு முனையையும் மறித்துக்கொண்டு ஆமிக்காரர் துவக்குகளோடு படிப்படியாக ஏறி வந்தார்கள். அம்மையார் அடையாள அட்டைகள் இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு ஓடினார். யோகியார் பத்மாசனத்தில் இருந்தார். போர்வையை உருவ நேரமில்லை. கதவு தட்டப்பட்டுவிட்டது.

உள்ளே வந்த சார்ஜன்ட், கூடத்தின் நடுவில் சிலைபோல ஒருவர் இருப்பதைப் பார்த்து, "நெகிட்டின்ன," என்றார். எழும்பச் சொன்னால் எவனும் எழும்புவான். சுந்தரலிங்கம் எழும்பவில்லை. கண்ணைத் திறக்கவில்லை. வேட்டியும் சால்வையும் நாலாபக்கமும் பரந்து கிடந்தன. அவருடைய இடது முழங்காலுக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு மஞ்சள் காதும், அதற்குக் கீழே ஒரு கண்ணும் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. அம்மையார் அதைக் கண்டார். கண்டதும், ஏதோ கும்பிடப் போகிறவர்போல நகர்ந்து, தன் சேலைத் தலைப்பை அந்தக் கண்ணின்மேல் போட்டு நின்றார்.

சார்ஜன்ட் இரண்டாந்தரம் சொன்னார். அசைவில்லை.

பின்னால் தன் அட்டையோடு வந்துநின்ற ஒஸ்வால்ட்தான் வாயைத் திறந்தார்: "மஹத்தயா பாவனா கரனவா, சார்." ஐயா தியானத்தில் இருக்கிறார்.

அங்கேதான் விஷயம் திரும்பியது. சார்ஜன்டின் முகம் இளகியது. குருநாகலில் தன் தாயாரும் போயா என்ற பௌர்ணமி தினங்களில் இப்படித்தான் இருப்பா என்று தணிந்த குரலில் ஒஸ்வால்டிடம் சொன்னார். மற்றவர்கள் நுனிக்காலில் நடந்து அலுமாரியைத் திறந்தார்கள், நுனிக்காலில் மூடினார்கள். கடைசியாகப் போனவன் கதவை, குழந்தை தூங்கும் வீட்டுக் கதவைப்போலச் சாத்திவிட்டுப் போனான்.

ஒஸ்வால்டுக்குக் கண் கலங்கிவிட்டது. "அண்ணே, நான் உங்களப் பகிடி பண்ணினது பிழை. துவக்குக்கு முன்னால ஒரு மயிர் அசையல்ல," என்று கைகூப்பினார். தையல்நாயகி அம்மையாருக்கே ஒரு கணம் நெஞ்சு நிறைந்தது. இத்தனை நாளும் வீணாகவா சந்தேகப்பட்டோம்? இந்த மனுசனுக்குள் உண்மையிலேயே ஏதோ ஏறித்தான் இருக்கிறதோ?

யோகியார் மெல்ல ஒரு கண்ணைத் திறந்தார். அசையவில்லை. தொண்டையில் இருந்த சக்கரம் வேலைநிறுத்தம் செய்துவிட்டதுபோலக் குரல் மிகச் சன்னமாக வந்தது.

"நாயகி, ஒஸ்வால்டை அனுப்பும். அனுப்பிப்போட்டு வேறை வேட்டி ஒண்டு எடுத்துக்கொண்டு வாரும்."

அம்மையார் வேட்டியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போர்வையை அலசிப் போட்டார். போர்வை குளியலறையில், முகம் சுவர்ப்பக்கமாக, இரண்டு நாள் காய்ந்தது. மூன்றாம் நாள் அவர் கத்தரிக்கோலை எடுத்தார். அது எந்த மிருகம் என்று எந்தப் படைக்கும் சொல்லமுடியாத அளவுக்கு நறுக்கித் தலையணைக்குள் அடைத்துத் தைத்தார். கணவர் தடுக்கவில்லை. இப்போது யாராவது கேட்டால், சாஸ்திரம் மரப்பலகையைத்தான் விசேஷமாகச் சொல்லுகிறது என்கிறார். பலகையைத் துடைப்பதும் சுலபம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நீங்களும் எத்தனையோ சபையில், எத்தனையோ பேருக்கு முன்னால், எனக்குப் பயமே கிடையாது என்று மார்தட்டியிருப்பீர்கள், அசையாமலும் இருந்திருப்பீர்கள். அடுத்தமுறை அப்படி இருந்துவிட்டு எழும்பும்போது, ஒருவரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, இருந்த இடத்தை ஒருக்கால் தொட்டுப் பாருங்கள்.