ஊறப்போட்டு எடுத்த மாப்பிள்ளை

பெண் கேட்கப் போகிறவன் பெண்ணின் தகப்பனுக்கு எதை வேண்டுமானாலும் காட்டலாம், காட்டுக்குள் இருக்கிற வெந்நீரூற்றை மட்டும் காட்டக் கூடாது. பட்டவன் சொல்கிறேன்.

ஐம்பதுகளின் கடைசியில், கனகராயன்குளத்துக்குக் கிழக்கே காட்டுக்குள் அந்த ஊற்றைக் கண்டுபிடித்தேன். (கண்டுபிடித்தது எங்கள் எருமை. அதைத் தேடிப் போனவன் மட்டுந்தான் நான்.) கற்களுக்கிடையே ஆவி பறக்கிற தண்ணீர்! எனக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. பரிமளத்தின் தகப்பன் சின்னையா மாமாவுக்குத் தீராத முழங்கால் வாதம். அதைச் சுகப்படுத்திவிட்டால் பரிமளம் எனக்குத்தான் என்று மனக்கோட்டை கட்டி, மறுநாளே அவரைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

வன்னிக் காட்டுக்குள் நுழைகிறவன் ஒரு குழையை, அதுதான் இலைக்கொத்தை, முறித்து மரத்தில் தொங்கவிட்டு, பிள்ளையாரைக் கும்பிட்டுத்தான் போவான். போட்டால் யானை அண்டாது.

"தம்பி, குழை போடேல்லையோ?"

"வரேக்க போடுவம் மாமா. கெதியா வாங்கோ, தண்ணி ஆறிப்போடும்!"

(ஊற்றுத் தண்ணீர் ஆறிவிடுமாம்!)

வேட்டிகளைக் கரையில் வைத்துவிட்டு, கோவணத்தோடு கழுத்தளவு இறங்கினோம். நல்ல, பொறுக்கக்கூடிய சூடு. மாமாவின் முகம் மலர்ந்தது.

"சோக்கான சூடு! அப்ப தம்பி, பரிமளத்தின்ரை விசயமாக் கதைப்பம்..."

என் நெஞ்சு துள்ளியது. அந்த நேரம் பார்த்துப் புதர் அசைந்தது. எங்கள் வேட்டிகளின் மேல் காலை வைத்தபடி ஒரு யானை வந்து நின்றது.

"குழை!" என்றார் மாமா, மூச்சுக் குரலில்.

தலைக்கு மேலே தொங்கிய கிளையைச் சடக்கென்று முறித்தேன். சத்தத்துக்கு யானை திரும்பி என்னிடமே வந்தது. கும்பிட்ட கையோடு குழையை நீட்டினேன். வேறென்ன செய்ய? துதிக்கையால் வாங்கித் தின்றது. அடுத்த குழைக்குக் காத்து நின்றது. வெயில் சாயும்வரை நான் முறித்துக் கொடுத்தேன், அது தின்றது. நேர்த்திக்கடனை நேரிலேயே வந்து வாங்கிய பிள்ளையார்!

அது போனதும் வேட்டியைக்கூட எடுக்காமல் ஓடினோம் பாருங்கள், வாதக்காரர் எனக்கு முன்னே ஓடினார். கிணற்றடியில் நின்ற பரிமளம், கோவணத்தோடு ஓடிவந்த இருவரையும் பார்த்துக் குடத்தைக் கைவிட்டாள். எனக்கு மானம் போனது. கலியாணமும் போயிற்று என்றே நினைத்தேன்.

ஆனால் கலியாணத்தன்று மாமா பந்தியில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "விதைநெல் மாதிரி ஊறப்போட்டுப் பாத்துத்தான் எடுத்தனான். பதர் எண்டால் மிதந்திருக்கும்."

இன்றைக்கும் என்மேல் கோபம் வந்தால் பரிமளம் பேரப்பிள்ளைகளிடம் சொல்வாள்: "என்ரை அப்பு அண்டைக்கு யானையைப் பாத்துக்கொண்டு நிண்டதிலை கவனிக்கேல்லை. இந்த மனுசன் அப்பவே மிதந்தது."