இருபத்து மூன்றாவது ஸ்லைடு

ஸ்லைடு பக்தர் என்று ஓர் இனம் உண்டு. அப்படி யாரையும் தெரியாது என்று சாதிக்காதீர்கள். உங்கள் வீட்டிலேயே ஒருவர் இருப்பார். ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில், நேர்முகத் தேர்வு நடக்கிற அறையில் புரொஜெக்டருக்கு வயர் மாட்டுவது என் வேலை. பதினோரு வருஷமாக மாட்டுகிறேன். இந்த இனத்தை என்னளவு கிட்டத்தில் பார்த்தவர்கள் குறைவு.

பத்து நிமிஷம் பேசச் சொன்னால் முப்பத்து நான்கு ஸ்லைடோடு வருவார். முதல் ஸ்லைடில் 'வணக்கம்' என்று இருக்கும். நமக்குப் படிக்கத் தெரியாது என்று அதை வாசித்தும் காட்டுவார். இரண்டாவதில் சூரிய உதயம். ஜன்னலைத் திறந்தால் மலை தெரிகிற ஊரில் இருந்துகொண்டு, எந்த நாட்டிலோ பனி மூடிய மலைக்குப் பின்னால் உதிக்கிற சூரியனைத் தேடிப் பிடித்துப் போட்டு, அதன் கீழே 'எங்கள் குறிக்கோள்' என்று எழுதியிருப்பார். யாருடைய குறிக்கோள்? கேட்கக் கூடாது. அப்புறம் எழுத்துகள் வரும். சும்மா வராது, ஒவ்வொன்றாகப் பறந்து வந்து, குட்டிக்கரணம் போட்டு, ஆற அமர உட்காரும். மேலாளர்கள் கொட்டாவியை மென்று விழுங்குவார்கள்.

இந்த இனத்தில் முதல் தரம் எங்கள் பிரேம்நாத். லைனின் கடைசியில் நின்று, தயாராகி வருகிற ஷூவைச் சோதித்து அனுப்புகிறவர். ஒன்பது வருஷம். என்ன கண் அது! ஒரே ஒரு தையல் தவறியிருந்தாலும் பிடித்துவிடுவார். பிடித்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி ஷூவை ஒதுக்கிவிடுவார். சூப்பர்வைசர் வேலைக்கு இரண்டு முறை முயன்று தோற்றவர். மூன்றாவது முறையும் தோற்றால் கம்பெனி விதிப்படி இனி விண்ணப்பிக்கவே முடியாது; ரிட்டையர் ஆகும்வரை அதே இடம், அதே நிற்பு.

இந்த முறை கொடுத்த தலைப்பு, 'குறையுள்ள ஷூ பெட்டிக்குள் போவதற்கு முன் பிடிப்பது எப்படி?' அவருக்கென்றே தைத்துக் கொடுத்த தலைப்பு. தினமும் செய்வதை வாயால் சொன்னால் போதும். சொல்வாரா? பன்னிரண்டு நாள் கம்ப்யூட்டர் சென்டரே கதியென்று கிடந்தார். ஊரில் உள்ள தோஸ்துகளிடமெல்லாம் காட்டி, நீலம் நன்றாயிருக்கிறதா பச்சை நன்றாயிருக்கிறதா என்று கேட்டுப் பேஜார் பண்ணினார். முந்தின ஞாயிறு பென் டிரைவைப் பாஸ்டர் கையில் கொடுத்து ஜெபம் பண்ணி வாங்கிக்கொண்டார்.

நேர்முகத் தேர்வன்று காலை அவர் மனைவி மெர்சி ஒரு வார்த்தை சொன்னாராம். மெர்சி எங்கள் கம்பெனியிலேயே தையல் பிரிவில் இருப்பவர். பிரேம்நாத் அன்றைக்கென்று பெட்டியிலிருந்து எடுத்த புது ஷூ, கம்பெனி ரிஜெக்ட் செய்து தொழிலாளிகளுக்கே விற்றது. இடது ஷூவில் தையல் விட்டிருக்கிறது, ஸ்டிக்கரும் அப்படியே இருக்கிறது, வேறு போட்டுக்கொண்டு போ என்றிருக்கிறார்.

"என் கால யாரு பாக்கப் போறாங்க? எல்லாரும் ஸ்கிரீனத்தான் பாப்பாங்க" என்று பதில் வந்திருக்கிறது.

ஆம்பூரில்! ஷூ கம்பெனியில்! இங்கே கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைக்கூட முதலில் கீழேதான் பார்ப்பார்கள். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் புரொடக்ஷன் மேலாளர் ஆபித் பாஷா, முப்பது வருஷம் தோலோடு புழங்கியவர். பிரேம்நாத் நுழைந்ததும் மூன்று தலையும் ஒன்றாகக் குனிந்தன. அப்புறம் நிமிரவே இல்லை. திரையில் சூரியன் உதித்தது. சிவப்பு அம்புகள் பறந்து பறந்து வந்து குத்தின. அவர்கள் பார்த்ததெல்லாம் கீழே ஷூவில் இருந்த ஒரே அம்பைத்தான்.

ஒன்பதாவது ஸ்லைடில் ஆபித் பாஷா கையைக் காட்டி நிறுத்தினார்.

"லெஃப்ட் ஷூல அம்பு ஒட்டிக்கினு இருக்குதே பிரேம்நாத், அத ரிஜெக்ட் பண்ணது யாரு?"

கேலியாகக் கேட்கவில்லை. அந்தக் குறை எத்தனை சின்னது என்பது அவருக்குத் தெரியும். பழகிய கண்ணுக்குத்தான் படும். ஒட்டியது வேறு யார்? பிரேம்நாத்தேதான். தானே பிடித்து, தானே ஒதுக்கி, பிறகு தானே வாங்கிய ஷூ. 'நான்தான் சார்' என்று இரண்டே வார்த்தை. வேலை கைக்கு வந்து நின்றது. சொல்லித் தொலையேன் மனுஷா என்று வயரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிரேம்நாத் கீழே பார்க்கவே இல்லை. திரையைப் பார்த்தபடி பணிவாகச் சொன்னார்:

"ரிஜெக்ஷன் பத்தி இருபத்தி மூணாவது ஸ்லைடுல வருது சார்."

பதினொன்றாவது ஸ்லைடில் நேரம் முடிந்தது. வேலை காட்பாடியிலிருந்து வந்த ஒருவருக்குப் போனது. பிரேம்நாத் மறுநாளும் லைன் கடைசியில் நின்று, ஒற்றைத் தையல் விட்ட ஷூக்களைப் பிடித்து அம்பு ஒட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், எழுத்து இன்னும் கொஞ்சம் வேகமாகப் பறந்திருக்க வேண்டுமோ என்று. எனக்கு அழுவதா சிரிப்பதா தெரியவில்லை.

நீங்கள் அப்படியில்லை என்கிறீர்கள். சந்தோஷம். 'உங்களுக்கு என்ன தெரியும், சொல்லுங்கள்' என்று நாளைக்கு யாராவது கேட்கும்போது உங்கள் வாய் முதலில் திறக்கிறதா, கை முதலில் பையைத் துழாவுகிறதா என்று மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். கைதான் என்றால் கவலை வேண்டாம். வயர் மாட்ட நான் இருக்கிறேன்.