கெட்டியாகாத சோப்பு

படித்த பாடத்தை வீட்டில் செய்துகாட்டக் கூடாது. நான் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. (ஃபர்ஸ்ட் கிளாஸ். கேட்காவிட்டாலும் சொல்வேன்.)

அப்போது ஒரகடத்தில் வாடகைக்கு இருந்தோம். ஐந்தாம் மாதத்தில் எங்கள் முதல் குழந்தை வயிற்றிலேயே போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் பாயைவிட்டு எழவில்லை. லேப் வேலைக்கும் போகவில்லை. என் கணவர் அந்தோணி கார் உதிரிபாகக் கம்பெனியில் ஷிப்ட் முடித்து வந்து சமைப்பார். கெஞ்சிச் சாப்பிட வைப்பார். ஒரு நாள் தேங்காய் எண்ணெயையும் காஸ்டிக் சோடாவையும் வாங்கிவந்து என் முன்னால் வைத்தார்.

"இன்னாங்க இது?"

"சோப்பு காய்ச்சலாம் வா. எவ்ளோ எண்ணெய்க்கு எவ்ளோ காஸ்டிக்? நீதான சொல்லணும்?"

ரொம்ப நாளைக்குப் பிறகு, எனக்குப் பதில் தெரிந்த ஒரு கேள்வி. எழுந்து உட்கார்ந்தேன்.

"மூலக்கூற எண்ண முடியாதுங்க. அதுக்குத்தான் மோல். உங்க ஸ்டோர்ல நட்ட எண்ணாம, எடை போட்டே இத்தனைன்னு சொல்றாங்கல்ல, அது மாதிரி. காஸ்டிக் நாப்பது கிராம் ஒரு மோல். இந்த எண்ணெய் சுமாரா அறுநூத்தி நாப்பது கிராம் ஒரு மோல். எடை வேற, ஆனா ரெண்டுலயும் எண்ணிக்கை ஒண்ணுதான்."

"அப்போ ஒரு போல்ட்டுக்கு ஒரு நட்டு?"

"ஆமா." (இந்த அழகுக்குத்தான் ஃபர்ஸ்ட் கிளாஸ்.)

காய்ச்சி இரண்டு தட்டுகளில் ஊற்றினோம். மறுநாள் அந்தோணி பெருமையாக வீட்டுக்கார லட்சுமி அக்காவையும் பக்கத்துப் பெண்களையும் கூட்டிவந்து, ஒரு தட்டைக் கவிழ்த்தார். கட்டி விழவில்லை. எண்ணெய்தான் கொட்டியது. லட்சுமி அக்கா கட்டில்மேல் ஏறிக்கொண்டார்.

"அய்ய, இன்னா ஸ்டெல்லா, சோப்புன்ன! பஜ்ஜி போடுற எண்ணெய் மாரி கீது?"

துடைக்க ஓடிவந்த அந்தோணி வழுக்கி, எண்ணெயிலேயே உட்கார்ந்தார். நான் சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். அந்த வயிறு வலித்ததில் சிரிப்பு எப்போது அழுகையானது என்று தெரியவில்லை. லட்சுமி அக்கா இறங்கிவந்து, புடவை பாழாவதைப் பார்க்காமல் எண்ணெயில் உட்கார்ந்து என்னைப் பிடித்துக்கொண்டார்.

சாயங்காலம் தரையைத் தேய்க்கும்போதுதான் உறைத்தது. ஒரு எண்ணெய் மூலக்கூறில் கொழுப்பமிலம் மூன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு காஸ்டிக் வேண்டும்.

"ஒரு போல்ட்டுக்கு மூணு நட்டுங்க!" என்று கத்தினேன்.

மிச்சமிருந்த தட்டுக்கு, முன்பு குறைந்துபோன காஸ்டிக்கைக் கணக்குப் போட்டுச் சேர்த்து மறுபடி காய்ச்சினோம். இறுகியது. சில வாரம் காயவைத்துத் துண்டு போட்டுத் தெருவுக்கே கொடுத்தோம். அதற்குள் நான் வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தேன்.

இன்றும் பார்க்கப் போனால், லட்சுமி அக்கா வடை சுடும்போது, "ஸ்டெல்லா, கொஞ்சம் சோப்பு ஊத்து" என்பார். எங்கள் மகளுக்கு அப்பா வழுக்கி விழுந்த கதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. விழுந்து விழுந்து சிரித்துவிட்டுக் கேட்பாள்:

"எதுக்கும்மா வூட்ல காய்ச்சினீங்க? கடையில சோப்பு இல்லியா?"

நான் அந்தோணியைப் பார்ப்பேன்.

"அன்னிக்குக் கடை லீவுடா" என்பார் அவர்.

"எல்லாக் கடையுமா?"

"எல்லாக் கடையும்."