மட்டன் ரோல்ஸில் ஓடிய கவச ரயில்

ரொறன்ரோவில் என் வாயை அடைத்த ஒரே மனிதர் கவச அண்ணைதான். கலியாணம் கட்டிய நாள்முதல் முயன்றும் என் மனைவியால் முடியாததை, அவர் ஒரு தட்டு மட்டன் ரோல்ஸை வைத்தே செய்து முடித்தார்.

அதுவரை அஜின்கோர்ட்டில் பிறந்தநாளா, மார்க்கம் பக்கம் கலியாணமா, பகிடி சொல்லிச் சிரிக்கவைக்க மைக் என் கைக்குத்தான் வரும். நானும் ‘வேண்டாம், வேண்டாம்’ என்றபடியே கையை நீட்டுவேன். பிறகு இவர் வந்தார். வேலை பஸ் ஓட்டுவது. பேச்சு முழுக்கக் கவச ரயில். நூறு வருடத்துக்கு முந்திய சண்டைகளில் இரும்புத் தகடு அடித்து, பீரங்கி பூட்டி ஓட்டிய ரயில்களைத் தவிர அந்த மனிதருக்கு உலகத்தில் வேறொன்றும் இல்லை. சுத்த அறுவை என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

ஒரு பிறந்தநாளில் ரோல்ஸை வரிசையாக அடுக்கினார். நடுவில் ஒரு கட்லட்.

“உதுதான் எஞ்சின். தென்னாபிரிக்கச் சண்டையில ஒரு எஞ்சினுக்குக் குண்டு படாமல் உடம்பெல்லாம் தடிச்ச கயிறு சுத்தி விட்டவங்கள். பாத்தால் சடைநாய் மாதிரி இருக்கும்.”

“பிறகு, அண்ணை?” கேட்டது என் மனைவி. என்னிடம் அவள் ஒருநாளும் ‘பிறகு’ கேட்டதில்லை. ‘முடிஞ்சுதோ?’ என்றுதான் கேட்பாள்.

“பிறகென்ன பிள்ளை, இன்னொரு ரயிலுக்குத் தண்டவாளத்தில கல்லைப் போட்டிட்டாங்கள். என்னதான் கவசம் போட்டாலும் ரயில் வெட்டித் திரும்ப ஏலுமே?” என்று ஒரு ரோலைக் கவிழ்த்து, அந்தப் பெட்டியை வாயில் போட்டார்.

சபை விழுந்து விழுந்து சிரித்தது. பொறுக்கமாட்டாமல் நானும் ஒரு கவச ரயில் கதையைப் பாடமாக்கி அடுத்த விருந்தில் எடுத்துவிட்டேன். “அது அவரின்ர சாமான், நீ விடு மச்சான்” என்றான் சிநேகிதன்.

போன வின்ரரில் ஸ்ரௌவ்வில்லில் எனக்குப் புதுவீடு குடிபூரல். என் வீடு, என் மைக். இன்றைக்கு விட்டால் இனி இல்லை என்று எழும்பினேன். முதல் பகிடி. ஒருவரும் அசையவில்லை, பேஸ்மென்ட்டில் ஹீட்டர் ஓடுவது கேட்டது. இரண்டாவதைப் பாதி சொல்லியிருப்பேன், பின்னுக்கிருந்து கவச அண்ணை ‘ஹோ’ என்று சிரித்தார். பகிடி இன்னும் வரவேயில்லை! சனம் திரும்பி அவரைப் பார்த்துச் சிரித்தது. அந்த வாய்கள் மூடுவதற்குள் நான் மிச்சத்தைச் சொல்லிவிட்டேன். வீடு அதிர்ந்தது. ஒவ்வொரு பகிடிக்கும் இதே கூத்துத்தான்.

எல்லாரும் வெளிக்கிடும்போது அவரை வாசலில் மறித்தேன்.

“ஏன் அண்ணை, பகிடி வரமுதலே சிரிச்சு என்னைக் குழப்பினீங்கள்?”

அவர் குனிந்து பூட்ஸை மாட்டினார். “தம்பி, கவச ரயிலில எஞ்சினை முன்னுக்கு விடமாட்டாங்கள். வெறும் பெட்டி ஒண்டைத் தள்ளிக்கொண்டு போவாங்கள். கண்ணிவெடி கிடந்தால் அந்தப் பெட்டி போகட்டும், எஞ்சின் தப்பும். சனம் என்னைப் பாத்துச் சிரிச்சால் எனக்கென்ன? நீர் தப்பிட்டீர்தானே.”

இப்போது அவர் மகளோடு கல்கரியில். மைக் மறுபடி முழுக்க என்னுடையது. பகிடியின் நடுவில் மட்டும், பின்வரிசையைப் பார்த்துக்கொண்டு ஒரு கணம் நின்றுவிடுகிறேன்.