கண்டியிலிருந்து கமலா பேசுகிறேன்

பொய்ப் பெயரில் தொலைபேசியில் பேச நினைப்பவர்கள், எந்த ஊரிலிருந்து பேசுகிறோம் என்பதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். எங்கள் தேயிலைத் தோட்டத்து ஊரான பூண்டுலோயாவிலிருந்து பேசிவிட்டு, கேட்பவர்கள் நம்மைக் கண்டிக்காரி என்று நம்புவார்கள் என எதிர்பார்ப்பது அறிவீனம். நான் எதிர்பார்த்தேன். (அப்போது நான் டீச்சர் வேறு.)

இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருடங்கள். சனிக்கிழமை காலையில் தொலைக்காட்சியில் பங்குச் சந்தை நிகழ்ச்சி வரும். கோட் போட்ட ஒருவர் கொழும்பிலிருந்து ஆலோசனை சொல்வார்; தொலைபேசியில் கேட்பவர்களுக்குப் பதிலும் சொல்வார். விலை ஏறினால், "நான்தான் போன வாரமே சொன்னேனே" என்பார். இறங்கினால், "இது ஓர் ஆரோக்கியமான திருத்தம்" என்பார். எனக்குத் தெரிந்த திருத்தமெல்லாம் சிவப்புப் பேனாவால் செய்வதுதான். ஆனாலும் அவர் பேச்சில் மயங்கினேன். அவர் "தாராளமாக வாங்கலாம்" என்ற ஒரு ஹோட்டல் கம்பனியின் பங்குகளை, கண்டிக்குப் பஸ் ஏறிப் போய்த் தரகரிடம் வாங்கிவிட்டேன். அந்தக் காசு, வீட்டுக்குப் புதுக் கூரைத் தகரம் போட நானும் வீட்டுக்காரரும் சேர்த்து வைத்தது. தோட்ட ஆபீசில் கிளாக்கராக இருந்த அவரிடம் நான் மூச்சு விடவில்லை. இரட்டிப்பாக்கிக் கையில் கொடுத்து அசத்துவதாகத் திட்டம்.

நான் வாங்கிய வாரத்திலிருந்து அந்தப் பங்கு ஆரோக்கியமாகத் திருந்தத் தொடங்கியது. திருந்தித் திருந்திப் பாதிக்கு வரப் பார்த்தது. கோட்டுக்காரரோ வாராவாரம், "ஏறவும் வாய்ப்புண்டு, இறங்கவும் வாய்ப்புண்டு" என்று அருள்வாக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். (இதைச் சொல்ல கோட் எதற்கு?)

ஒரு சனிக்கிழமை பொறுக்க முடியாமல், பஜாரில் காசு கொடுத்துப் பேசும் மொஹிதீன் நானாவின் தொலைபேசிக் கடைக்குப் போனேன். வீட்டுக்காரர் சலூனுக்குப் போயிருந்த நேரம். நானாவின் கடையில் அதே நிகழ்ச்சி அலறிக்கொண்டிருந்தது. பத்துப் பதினைந்து தடவை முயன்றதில் இணைப்புக் கிடைத்தது.

"வணக்கம், யார் பேசுறீங்க?"

"கண்டியிலிருந்து கமலா பேசுறேன்."

"கமலா, உங்க டிவி சத்தத்தைக் கொஞ்சம் குறைங்க."

நான் கண்ணைக் காட்டும் முன்பே நானா பாய்ந்து போய்ச் சத்தத்தைக் குறைத்தார். பிறகு, நாடு முழுக்கக் கேட்கும் குரலில் சொன்னார்:

"கொறச்சிட்டேன் லெட்சுமி டீச்சர்! நீங்க பேசுங்க!"

அங்கேயே போனை வைத்திருக்கலாம். ஆனால் எனக்கு வெட்கம் வரும் முன் கோபம் வந்துவிட்டது.

"சார், நீங்க சொல்லித்தான் வாங்கினேன். கூரைக்கு வச்சிருந்த காசு. வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. இப்ப விக்கலாமா, வேணாமா?"

"நீண்டகால நோக்கில் பார்த்தால்..."

"மழ வைகாசியில வருது சார். அதுக்கு மேல எங்களால நோக்க முடியாது. ஒரே வார்த்தையில சொல்லுங்க."

"அது முதலீட்டாளரின் சொந்த முடிவு, கமலா... லெட்சுமி..."

"வாங்கச் சொன்னப்ப ஒங்க முடிவு, விக்கிறப்ப மட்டும் என் முடிவா?"

உடனே விளம்பர இடைவேளை வந்தது. சவர்க்கார விளம்பரத்தில் ஒரு பெண் சிரித்தாள். நான் போனை வைத்தேன்.

வீட்டுக்கு ஓடிப்போய் அடுப்படியில் உட்கார்ந்து, என்ன பொய் சொல்வது என்று யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை. (உண்மையைத்தான் நாட்டுக்கே சொல்லியாயிற்றே.) வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. வீட்டுக்காரர் ஒரு கன்னம் மழமழவென்றும் மறு கன்னம் தாடியோடும் வந்து நின்றார்.

"ஏம்மா கமலா, கண்டி பஸ்சு இப்பத்தான் வந்துச்சா?"

சலூனிலும் அந்த நிகழ்ச்சிதான் ஓடியிருக்கிறது.

"என்னங்க இது, பாதி மொகத்தோட?"

"கடைக்காரன் விழுந்து விழுந்து சிரிக்கிறான், கையில கத்தி இருக்கு. காசுதான் போச்சு, கழுத்தாவது மிஞ்சட்டுமேன்னு எந்திரிச்சு வந்துட்டேன்."

நான் அழத் தொடங்கினேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அழுகை சிரிப்பாகிவிட்டது. அவரும் சிரித்தார். மூன்று மாதமாக நெஞ்சில் தூக்கிச் சுமந்த கல் அன்றுதான் இறங்கியது.

சாயங்காலம், எங்கள் பள்ளியில் கணிதம் படிப்பிக்கும் யாழ்ப்பாணத்து மணியம் மாஸ்டர் வந்தார். கண்டிக்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ரீச்சர், நான் கேக்க நினைச்சதை நீங்கள் கேட்டிட்டியள். எனக்கும் அந்தக் கொம்பனியில பங்கு கிடக்கு. மனுசிக்குத் தெரியாது, சொல்லிப்போடாதேங்கோ" என்றார்.

கணித மாஸ்டரே விழுந்த கிணறு என்றதும் எனக்கு இன்னும் பாதிப் பாரம் குறைந்தது.

அடுத்த வாரம் வீட்டுக்காரரும் மாஸ்டரும் நானும் ஒரே பஸ்ஸில் கண்டிக்குப் போய், எல்லாவற்றையும் விற்றுவிட்டு வந்தோம். அதன் பிறகு அந்தப் பங்கு அடிமட்டத்துக்கே போனது. கோட்டுக்காரர் அதற்கும் ஏதோ ஒரு பெயர் வைத்திருப்பார். நாங்கள் அந்த நேரத்தில் பாட்டு நிகழ்ச்சி பார்த்தோம்.

மிஞ்சிய காசில் வைகாசிக்கு முன் கூரை போட்டோம். இரண்டு தகரம் குறைந்தது. அடுப்படி மூலையில் மட்டும் பழைய ஓட்டைத் தகரமே நின்றது. பிறகு வசதி வந்தும் வீட்டுக்காரர் அதை மாற்ற விடவில்லை. அந்த மூலைக்கு எங்கள் வீட்டில் 'பங்குச் சந்தை' என்று பெயர்.

போன மழைக்காலத்தில், மகளைக் கட்டிய புது மாப்பிள்ளை முதல் தடவை விருந்துக்கு வந்தார். அடுப்படியில் சாப்பிட உட்கார்ந்தவரின் சோற்றில் சொட்டென்று ஒரு துளி விழுந்தது. அவர் திகைத்து மேலே பார்த்தார். மகள் அசராமல் தட்டை நகர்த்தினாள்.

"தள்ளி ஒக்காருங்க. பங்குச் சந்த எறங்குது."